எழுத உதவுவதும் ஒரு வேலைதான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரி மாணவர்கள் படிக்கும்போதே பார்க்கக்கூடிய பகுதிநேர வேலைகளைப் பற்றிச் சென்ற ஞாயிறு இணைப்பில் ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தீர்கள். சாப்பாடு டெலிவரி, தீபாவளி நேரத்து ஜவுளிக்கடை விற்பனை, கல்யாண வீட்டு கேட்டரிங், டேட்டா என்ட்ரி, கணக்கு டியூஷன் எல்லாம் இருந்தன. நான் பார்த்த வேலை மட்டும் இல்லை. பட்டியல் போட்டவரைக் குறை சொல்ல மாட்டேன். அப்படி ஒரு வேலை இருப்பதே மதுரையில் பலருக்குத் தெரியாது. ஒருவர் எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து, அவர் நன்றாக எழுத உதவும் வேலை அது. நான் இருந்த பயிற்சி மையத்தில் என்னை 'கட்டுரை மிஸ்' என்று கூப்பிட்டார்கள்.

நான் உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்துக்காரி. 58 கிராமக் கால்வாயில் தண்ணீர் விட்டால் எங்கள் கண்மாய்க்கு வரும். விடாவிட்டால் வானத்தைப் பார்க்க வேண்டியதுதான். மதுரையில் பி.ஏ. முடித்து, அப்புறம் சட்டம் படித்து, இப்போது மாவட்ட நீதிமன்றத்தில் சிவில் வழக்குகள் நடத்துகிறேன். சட்டம் படித்த காலத்தில் விடுதிச் செலவுக்காகத்தான் மாலை நேரத்தில் இந்த வேலைக்குப் போனேன். வக்கீல் ஆன பிறகும் விடவில்லை. ஞாயிறு காலையில் இன்றும் சிலர் நோட்டும் கையுமாக வருகிறார்கள். "அதான் கறுப்புக் கோட்டு மாட்டியாச்சுல்ல, இன்னும் எதுக்குடி இந்தப் பிள்ளைகளோட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்க?" என்று அம்மா கேட்பார். அம்மாவுக்குச் சொன்ன பதிலைத்தான் கொஞ்சம் விரித்து உங்களுக்கு எழுதுகிறேன்.

கல்லூரிகளைச் சுற்றியுள்ள சில ஜெராக்ஸ் கடைகளில் அசைன்மென்ட், புராஜெக்ட் எழுதித் தரப்படும் என்று ஒட்டியிருப்பார்களே, அது வேறு தொழில். எங்கள் வேலையில் பேனா கடைசிவரை எழுதுகிறவர் கையில்தான் இருக்கும். அவர் எழுதிக்கொண்டு வந்ததை அவரையே சத்தமாக வாசிக்கச் சொல்வோம். பாதிப் பிழைகள் அங்கேயே விழுந்துவிடும். சிலர் எழுதும் வாக்கியம் கப்பலூர் டோல்கேட்டைத் தாண்டிய லாரி மாதிரி எங்கேயும் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். வாசிக்கும்போது மூச்சு முட்டி அவர்களே நிறுத்துவார்கள். எழுவாய் ஒருமையில் தொடங்கி வினைமுற்று பன்மையில் முடிந்திருந்தால் நாக்கு இடறும். நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் நிமிர்ந்து என்னைப் பார்ப்பார்கள், அப்புறம் அடித்து எழுதுவார்கள். சரி, அது இலக்கணம். அதற்கு மேல்தான் உண்மையான வேலை தொடங்குகிறது: இந்தப் பத்தியில் என்ன சொல்ல வருகிறீர்கள் என்று கேட்பது.

மேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி வந்துகொண்டிருந்தார். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2 முதன்மைத் தேர்வுக்குத் தயார் செய்தவர். அதில் கட்டாயத் தமிழ்த் தாள் ஒன்று இருக்கிறது. 100க்கு 40 எடுக்காவிட்டால் மற்றத் தாளைத் திருத்தவே மாட்டார்கள். சுருக்கி வரைதல், குறிப்பிலிருந்து விரித்து எழுதுதல், அலுவலகக் கடிதம், திருக்குறள் சார்ந்த கட்டுரை என்று எல்லாமே கையால் எழுத வேண்டியவை. பள்ளியிலிருந்து சரியான விடையைத் தேர்ந்தெடுத்தே பழகிய பிள்ளைகளுக்கு இங்கே கை நடுங்கும். அந்தத் தம்பி நீர் மேலாண்மை பற்றி ஒரு கட்டுரை எழுதிவந்தார். 'நீரின்றி அமையாது உலகு' என்ற வழக்கமான தொடக்கம், நடுவில் மழைநீர் சேகரிப்பு, கடைசியில் இளைஞர்கள் கைகோக்க வேண்டும் என்ற அறைகூவல். எந்த கைடைப் புரட்டினாலும் இருப்பதுதான். பிழை என்று சுட்ட ஒன்றும் இல்லை. வாசிக்கவும் ஒன்றும் இல்லை.

"உங்க ஊர்ல தண்ணி எப்படி வருது?" என்று கேட்டேன். அவ்வளவுதான், ஆள் மாறிவிட்டார். கள்ளந்திரிக்கு அப்பால் ஒருபோகப் பாசனம்தான் என்பதில் ஆரம்பித்து, பெரியாறு கால்வாயில் தண்ணீர் திறந்தாலும் கடைமடைக்கு வந்து சேருவதற்குள் என்ன பாடு என்றும், வரத்துக்கால்வாயில் சீமைக்கருவேலம் மண்டி தண்ணீர் எங்கெங்கே ஒதுங்குகிறது என்றும், எந்த மடையை முதலில் திறப்பது என்பதில் பங்காளிகளுக்குள் வரும் சண்டையும், கண்மாய் நிரம்பிக் கலுங்கில் மறுகால் பாய்ந்தால் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டு மீன் பிடித்ததும் என்று பேசிக்கொண்டே போனார். நான் குறுக்கே பேசவில்லை. முடித்ததும், "இப்பச் சொன்னதை எழுதுங்க" என்றேன்.

"அக்கா, இதெல்லாம் எழுதலாமா?"

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்காத ஆள் குறைவு. தனக்குத் தெரிந்தது எழுத்தில் வரத் தகுதியில்லாதது என்று நம் பிள்ளைகள் எங்கோ கற்றுக்கொண்டு வந்துவிடுகிறார்கள். அந்த நம்பிக்கையைக் கழற்றுவதற்கே பல வாரம் போகும்.

அந்தத் தம்பி இன்று ஒரு யூனியன் அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். அது அவர் உழைப்பு, அதில் பங்கு கேட்க நான் வரவில்லை. எனக்குக் கிடைத்தது வேறு. பின்னாளில் வரத்துக்கால்வாயை மறித்துச் சுவர் எழுப்பிய வழக்கு ஒன்று என் கைக்கு வந்தபோது, கட்சிக்காரரிடம் எதைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. எந்த மடைக்குக் கீழே உங்கள் வயல், சுவர் எழும்புவதற்கு முன் கடைசியாக எப்போது தண்ணீர் பாய்ந்தது, கலுங்கு எந்தப் பக்கம் என்று நான் கேட்கக் கேட்க, "வக்கீலம்மா, நீங்க எந்த ஊரு?" என்றார் அந்தப் பெரியவர். இந்த வேலையில் வருகிற ஒவ்வொருவரும் தன் ஊரையும் தொழிலையும் கூடவே கொண்டுவருகிறார். பாலமேட்டுப் பையன் ஒருவன் ஜல்லிக்கட்டுக் காளைக்குப் பருத்திக்கொட்டை ஆட்டி வைப்பதை எழுதியிருந்தான். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் அப்பாவுக்குக் கணக்கு எழுதும் பெண், முகூர்த்த நாளில் மல்லிகை விலை மணிக்கு மணி ஏறும் விதத்தை எழுதியிருந்தாள். இதையெல்லாம் காசு வாங்கிக்கொண்டு கற்றேன் என்று நினைத்தால் எனக்கே சிரிப்பு வரும்.

என் தொழிலுக்கு இது தந்ததைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் கட்டளை 6, விதி 2 என்று ஒன்று இருக்கிறது. வழக்குரையில் முக்கியமான சங்கதிகளை மட்டும் சுருக்கமாகச் சொல், சாட்சியத்தை அங்கே கொட்டாதே என்பது அதன் சாரம். சட்டக் கல்லூரியில் எல்லோரும் படிப்பதுதான். ஆனால் கட்சிக்காரர் எதிரே வந்து உட்கார்ந்து, தாத்தா காலத்துப் பாகப்பிரிவினையில் ஆரம்பித்து, நடுவில் மச்சான் செய்த துரோகம், கொழுந்தியாள் கல்யாணத்துச் செய்முறை என்று சுற்றிவரும்போது முக்கியமான சங்கதி எது என்று பிடிப்பது லேசில்லை. கட்டுரை மேசையில் உட்கார்ந்தவளுக்கு அது பழகிய வேலை. மாணவர் கட்டுரையிலும் அப்படித்தான், சொல்ல வந்த விஷயம் கடைசிப் பத்திக்கு முந்தைய பத்தியில் ஒளிந்துகொண்டிருக்கும். ஒரு கேள்வி கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருந்தால் அது தானாக வெளியே வரும். காத்திருப்பதுதான் கஷ்டம். வக்கீல்களுக்கு ரொம்பவே கஷ்டம்.

ஜூனியராகச் சேர்ந்த புதிதில் நான் எழுதிய எதிர்வழக்குரை ஒன்றைச் சீனியர் படித்துவிட்டு, "இவ்வளவு சின்னதா இருக்கே" என்று மறுபடி முதலிலிருந்து படித்தார். விட்டுப்போனது ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் கையெழுத்துப் போட்டார். 'மேற்படி' என்ற சொல் ஒரே பக்கத்தில் பத்து இடத்தில் வந்தால்தான் அது சட்ட ஆவணம் என்று நினைக்கிறவர்கள் எங்கள் தொழிலில் உண்டு. மற்றவர்கள் எழுத்தில் இந்தப் பகட்டைப் பார்த்துப் பார்த்து எனக்குச் சலித்துப் போயிருந்தது. அதனால் என் எழுத்தில் அது ஒட்டவே இல்லை.

நன்னூலின் பாயிரத்தில் பவணந்தி முனிவர் பத்துக் குற்றங்களைச் சொல்கிறார். கூறியது கூறல், மிகைபடக் கூறல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல் என்று போகும் அந்த வரிசை. நூல் எழுதுவோருக்குச் சொன்னது; கல்லூரி அசைன்மென்டுக்கும் அப்படியே பொருந்துகிறது. நன்றாகத் தொடங்கி, போகப் போக வலுவிழந்து முடியும் கட்டுரைக்கு 'சென்று தேய்ந்து இறுதல்' என்று ஓரத்தில் பென்சிலால் எழுதினால் பிள்ளைகள் சிரித்துவிடுவார்கள், மனசும் புண்படாது. அதே பாயிரத்தில் கல்விக் கணக்கு ஒன்றும் உண்டு. ஆசிரியர் சொல்வதை எவ்வளவு கவனமாகக் கேட்டாலும் கால் பங்கு அறிவுதான் சேரும். உடன் படிப்பவர்களோடு பழகுவதில் இன்னொரு கால் பங்கு. மீதி அரைப் பங்கு, தான் கற்றதைப் பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் வருமாம். மூன்றாண்டு பி.ஏ. வகுப்பில் நான் உட்கார்ந்து வாங்கியது முதல் கால் பங்குதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நம்மூர்ப் பழைய பெருமை என்று யாராவது தள்ளிவிடக்கூடும், அவர்களுக்காக வெளிநாட்டுக் கணக்கு ஒன்று. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் எழுத்து மையம் என்று ஓர் இடம் இருக்கும். மாணவர்களையே பயிற்சி கொடுத்து அங்கே உட்கார வைப்பார்கள், மற்ற மாணவர்கள் கட்டுரையோடு வருவார்கள். அப்படி வேலை பார்த்துவிட்டுப் படிப்பை முடித்துப்போன 126 பேரை விஸ்கான்சின்-மேடிசன், மார்க்கெட், மெய்ன் ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தவர்கள் தேடிப் பிடித்துக் கேட்டு, 2010இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். உங்களிடம் வந்த மாணவர்களுக்கு என்ன கிடைத்தது என்பது அவர்களுடைய கேள்வி இல்லை. சொல்லிக்கொடுத்த உங்களுக்கு என்ன கிடைத்தது என்பதே கேள்வி. தங்கள் எழுத்து மாறியது, அடுத்தவர் பேச்சைக் காது கொடுத்துக் கேட்கும் பழக்கம் வந்தது, வேலையிலும் வீட்டிலும் அது உதவுகிறது, தன்னம்பிக்கை கூடியது என்று பதில்கள் வந்தன. படித்தபோது என் கதையை யாரோ எழுதியது போல் இருந்தது. என்னோடு அந்த மையத்தில் உட்கார்ந்த தோழி ஒருத்தி இன்று ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெக்னிகல் ரைட்டர். இன்னொருவர் வங்கியில் கடன் பிரிவில் இருக்கிறார். விண்ணப்பத்தை ஒரு முறை வாசித்தாலே எந்த இடத்தில் ஆள் எதை மறைக்கிறார் என்று தெரிந்துவிடுகிறது என்பார்.

தொழில் ஒருபுறம் இருக்கட்டும். எங்கள் ஊரில் ஒரு மகளிர் குழுவின் ஊக்குநர், என் அம்மா வயது இருக்கும், ஐந்தாம் வகுப்போடு நின்றவர். திங்கள்கிழமை மனு நாளில் கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனு எழுதித் தருகிறவரிடம் காசு கொடுத்து எழுதி வாங்கியே பழகியவர். ஒருமுறை அவர் சொன்னது ஒன்று, தாளில் இருந்தது ஒன்று. குழுவின் சேமிப்பு பற்றிக் கேட்கப் போனவரை ஆழ்துளைக் கிணறு கேட்டவராக்கி அனுப்பிவிட்டார்கள். "ஏம்மா வக்கீலம்மா, நானே எழுதணும், எழுதப் பழக்கு" என்று வந்து நின்றார். அவர் பேசினால் அட்சர சுத்தம். யார், எப்போது, எவ்வளவு, யார் தர மாட்டேன் என்றது, எல்லாம் வரிசையாக வரும். பேனாவைப் பிடித்தால் 'மகா கனம் பொருந்திய சமூகத்துக்கு' என்று ஆரம்பித்துவிடுவார். விஷயத்துக்கு வருவதற்குள் தாள் முடிந்துவிடும். அவரை என்னோடு பேசச் சொல்லி, பேசியதை அப்படியே எழுதச் சொல்லி, மெதுவாகக் கொண்டுவந்தோம். 'ஐயா, வணக்கம்' என்று தொடங்கி மூன்றாவது வரியில் தொகையைச் சொன்ன மனுவை அவர் தன் கையெழுத்தில் எழுதி முடித்த அன்று, என்னை விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரிக்கு வாசித்துக் காட்ட ஓடினார். இப்போது பக்கத்து ஊர்க் குழுப் பெண்களுக்கு அவர்தான் மனு எழுதப் பழக்குகிறார். என்னிடம் வருவதே இல்லை. கூலி வாங்காத அந்த வேலையில் எனக்குக் கிடைத்த மனநிறைவை எந்தக் கோர்ட்டுத் தீர்ப்பின் நகலும் தரவில்லை.

கசப்பும் உண்டு, அதையும் சொல்கிறேன். நான் முதலில் சேர்ந்த பயிற்சி மையத்தில் மணிக்கு இவ்வளவு என்று பேசிவிட்டு, இரண்டாம் மாதத்திலேயே பக்கத்துக்கு இவ்வளவு என்று மாற்றினார்கள். அப்புறம், பிள்ளைகளோடு உட்கார்ந்து நேரத்தை வீணாக்காதே, மாதிரிக் கட்டுரைகளை எழுதிக் கொடு, அச்சடித்து விற்கலாம் என்றார்கள். எழுதித் தர மறுத்தேன். கடைசி மாதச் சம்பளம் இன்றுவரை வரவில்லை. வக்கீல் ஆன பிறகு நோட்டீஸ் விடலாமா என்று ஒருகணம் தோன்றியது. தொகையைவிட ஸ்டாம்ப் செலவு அதிகமாகும் என்று விட்டுவிட்டேன். அந்த மையத்தின் பெயரை எழுதவில்லை, என் பெயரையும் போட வேண்டாம்.

இன்னொன்று, செல்போனிலேயே செயற்கை நுண்ணறிவு கட்டுரை எழுதித் தரும்போது இந்த வேலைக்கு ஆள் எதற்கு என்று கேட்கிறார்கள். அப்படி எழுதி வாங்கியதையும் என்னிடம் கொண்டுவருகிறார்கள். வழுவழு என்று இருக்கும். இரண்டாம் பத்தியில் ஒரு வரியைக் காட்டி, இதை உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள் என்றால் திகைத்து நிற்பார்கள். தேர்வு அறைக்குள் செல்போனைக் கொண்டுபோக முடியாது, நேர்முகத் தேர்விலும் முடியாது. கோர்ட்டில் குறுக்கு விசாரணை செய்ய நிற்கும்போது எனக்கும் முடியாது. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு ஆர்வம் இல்லை.

எல்லோருக்கும் இந்த வேலை ஒத்துவரும் என்று சொல்ல மாட்டேன். பிழையைக் கண்டதும் சிவப்புப் பேனாவைத் தேடுகிறவர்கள், தன் நடையை அடுத்தவர் தாளில் ஏற்றாமல் தூங்க முடியாதவர்கள், பேசிக்கொண்டே இருக்க வேண்டியவர்கள் வேறு வேலை பார்க்கலாம். கையில் பெரிதாகக் காசும் சேராது. எனக்கு அது விடுதி மெஸ் கட்டணத்தையும் பஸ் பாஸையும் பார்த்துக்கொண்டது, தீபாவளிக்கு அம்மாவுக்கு ஒரு சேலை எடுக்க முடிந்தது, அவ்வளவுதான். ஆனால் மேசையில் தாளை வைத்துக்கொண்டு, நம்மைவிட வயதில் மூத்தவரிடமும், "இந்த இடம் எனக்குப் புரியல, சொல்லுங்க" என்று பணிவாகவும் பயமில்லாமலும் கேட்கப் பழகிவிட்டால், நீதிபதி முன்னால் நிற்பதும் அவ்வளவு பெரிய விஷயமாகத் தெரியாது. கிராமத்திலிருந்து வந்த, வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த பெண்ணுக்கு இந்தத் தைரியம் வேறு எங்கே சம்பளத்தோடு கிடைக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

அதனால் ஒரு கோரிக்கை. 1901இல் பாண்டித்துரைத் தேவர் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய ஊர் இது. சங்கம் வைத்துத் தமிழ் வளர்த்த மதுரை என்று மேடைக்கு மேடை பேசுகிறோம். நூற்றாண்டைத் தாண்டிய கல்லூரி இருக்கிறது, பல்கலைக்கழகமும் இருக்கிறது. ஒவ்வொரு கல்லூரி நூலகத்திலும் மாலையில் ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் போட்டு, மூன்றாமாண்டு, முதுகலை மாணவர்களில் சிலரைத் தேர்ந்து, கொஞ்சம் பயிற்சி கொடுத்து, மணிக்கணக்கில் சம்பளமும் கொடுத்து உட்கார வைக்க எவ்வளவு செலவாகிவிடும்? தமிழ்த் துறையில் மட்டும் ஆள் தேட வேண்டாம். வேதியியல் மாணவியும் வரலாறு மாணவரும் இருந்தால்தான் வருகிறவர்களுக்கு வசதி. புதுநத்தம் சாலையில் 2023 ஜூலை 15 அன்று திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் இப்படி ஒரு மேசை போட்டால் என் போன்றவர்கள் முறை வைத்து வந்து உட்காரத் தயார். காசு கூட வேண்டாம், வந்து போக பஸ் செலவு போதும்.

இதைப் படித்துவிட்டு எந்தத் தம்பி தங்கைக்காவது ஆசை வந்தால் ஒன்று சொல்கிறேன். சேரும்போதே மணிக்கணக்கில் சம்பளம் பேசுங்கள், பக்கக் கணக்குக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். பக்கக் கணக்கு என்றால் நாளைக்கு உங்களையே எழுதச் சொல்வார்கள். பேசிய தொகையை ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, அவர்கள் கையெழுத்தையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வழக்கறிஞர்,
உசிலம்பட்டி வட்டம், மதுரை மாவட்டம்.